நின்றுபோன மணிக்கூடுகளும் ஒரு கடற்படை அதிகாரியும்

இடம்பெயர்ந்தபோது தூக்கித் திரிந்த எங்கள் வீட்டுச் சுவர்மணிக்கூடு இப்போதும் ஓடுவதில்லை. அதைப் பார்த்தால் எனக்கு றூபர்ட் கூல்ட் நினைவுக்கு வருவார்.

பிரித்தானியக் கடற்படை அதிகாரியான அவர், 1914இல் போர் தொடங்கியதுமே மனம் உடைந்து நோயில் விழுந்தார். பிறகு கப்பலேறவில்லை, கடல்வரைபடப் பிரிவில் மேசை வேலை. 1920இல் கிறீன்விச் வானாய்வகத்தில், ஜோன் ஹரிசன் 18ஆம் நூற்றாண்டில் செய்த கடல்மணிக்கூடுகள் களிம்பு பிடித்துக் கிடக்கக் கண்டார். கூல்ட் மணிக்கூட்டுத் தொழிலாளி அல்ல. ஆனாலும் சம்பளமின்றித் திருத்தித் தருவதாகக் கேட்டு வாங்கினார். மூன்றாவதற்கு மட்டும் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள்! இடையில் திரும்பவும் நோய், மனைவியும் பிரிந்தார், வேலையும் போனது. திருத்துவதை மட்டும் அவர் விடவில்லை.

1933 பெப்ரவரியில் முதலாவது மணிக்கூடும் ஓடத் தொடங்கியது. கூல்ட் 1948இல் காலமானார். மணிக்கூடு இன்றும் கிறீன்விச்சில் இருக்கிறது.