விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் பலர்: மலாக்காவில் புனித சவேரியார்

மலாக்கா செயிண்ட் பால் குன்றில் ஏறுவோர், கூரையில்லாத பழைய தேவாலயத்தின் முன் வலக்கை இல்லாத ஒரு சிலையைக் காணலாம். அது புனித பிரான்சிஸ் சவேரியாரின் சிலை. மனிதன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான் என்ற விவிலியப் போதனைக்கு அவரது வாழ்க்கையே சான்று.

1506-ஆம் ஆண்டு, இன்றைய ஸ்பெயினின் நவார் பகுதியில் பிறந்த சவேரியார் தமிழர்களுக்கு அந்நியர் அல்லர். 1542-இல் கோவா வந்த அவர், அதே ஆண்டில் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக்குச் சென்றார். இருமொழி அறிந்தவர்களின் துணையுடன் செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் பரதவர் ஊர்களில் கற்பித்தார். 1544-இல் வடுகப் படைக்கு அஞ்சி ஓடிய மக்கள் கடலோரப் பாறைகளில் பட்டினி கிடந்தபோது, அவர்களுக்கு உதவப் படகுகளில் உணவுடன் புறப்பட்டார். மக்களைச் சுரண்டிய போர்ச்சுக்கீசிய அதிகாரிகளைப் பற்றி மன்னருக்கே முறையிட்டார்.

1545-இல் மலாக்கா வந்தவர், மருத்துவமனை நோயாளிகளைக் கவனித்தார். மாலையில் மணியடித்தபடி தெருக்களில் நடந்து, மனந்திரும்புமாறு மக்களை அழைத்தார்.

1552-இல் அவருக்குப் பெரும் சோதனை வந்தது. வணிகர் தியோகோ பெரேராவைத் தூதராகக் கொண்டு சீனா செல்லத் திட்டமிட்டிருந்தார். மலாக்காவில் அதிகாரம் செலுத்திய ஆல்வாரோ டி அத்தாயிட், வாஸ்கோ ட காமாவின் மகன். பெரேராவுக்குக் கிடைத்த சிறப்பைப் பொறுக்காத அவர் பயணத்தைத் தடுத்தார். கப்பலின் சுக்கானையே கைப்பற்றினார்.

தூதர் இல்லாமலே புறப்பட்ட சவேரியார், அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் தேதி, சீனக் கரைக்கு எதிரே உள்ள சாங்சுவான் தீவில், 46 வயதில் காலமானார். சீனப் பெருநிலத்தில் அவர் கால் பதிக்கவே இல்லை.

1553 மார்ச்சில் அவரது உடல் மலாக்கா வந்தது. அந்தக் குன்றுக் கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டு, பின்னர் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அத்தாயிட்டோ பதவி பறிக்கப்பட்டு, கைதியாகப் போர்ச்சுக்கலுக்கு அனுப்பப்பட்டார். அதைக் காணச் சவேரியார் உயிருடன் இல்லை.

தினை விதைத்தவன், வினை விதைத்தவன் பற்றி நம் முன்னோர் சொன்னதும் இதுதான். ஆனால், அறுவடை நாளை விதைத்தவன் குறிப்பதில்லை. ரப்பர் கன்று நட்டவன் பால் வெட்ட ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது தோட்ட மக்கள் அறிந்ததே. சில வேளைகளில் நட்டவன் ஒருவன், வெட்டுபவன் வேறொருவன்.

சவேரியார் விதைத்த சீனப் பயணமும் அப்படித்தான். அவர் இறந்து ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்குப் பின், அவரது சபையைச் சேர்ந்த மத்தேயு ரிச்சி சீனாவுக்குள் நுழைந்தார். முத்துக்குளித்துறையில் அவர் கற்பித்த செபங்களோ இன்றுவரை தமிழ்க் குடும்பங்களில் ஒலிக்கின்றன.