ஆன்றி கார்ட்டியே-பிரெசோன்

ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் (ஆகஸ்ட் 22, 1908 - ஆகஸ்ட் 3, 2004) பிரான்சு நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஆவார். தமிழில் இவரது பெயர் ஹென்றி கார்டியர்-பிரெஸ்ஸன் என்றும் எழுதப்படுவதுண்டு. 35 மி.மீ. சிறு கேமராவை ஒரு கலைக்கருவியாக நிலைநிறுத்தியவர்களுள் இவர் முதன்மையானவர். மேக்னம் ஒளிப்பட நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். பிளாஷ் ஒளியைத் தவிர்த்து, இருக்கின்ற ஒளியிலேயே படமெடுப்பதைக் கொள்கையாகக் கொண்டிருந்தார். 1950 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கேமராவின் முன் வராதிருந்த ஸ்ரீ அரவிந்தரை இவர் படமெடுத்தார்.

பிறப்பும் இளமையும்

கார்ட்டியே-பிரெசோன் பாரிசுக்குக் கிழக்கே உள்ள சாந்த்லூ-ஆன்-பிரி என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோருக்கு ஐந்து குழந்தைகள், இவர் மூத்தவர். தந்தையின் குடும்பம் நூல் உற்பத்தித் தொழிலில் பெயர்பெற்றது. குடும்பத் தொழிலில் ஈடுபாடு கொள்ளாத இவர், ஓவியம் கற்க விரும்பி 1927 இல் ஆந்திரே லோத் என்ற ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஓவியத்தின் கட்டமைப்பு, வடிவ ஒழுங்கு ஆகியவற்றை அவரிடமே கற்றார். அக்காலத்துப் பாரிசில் பரவியிருந்த மிகைநடப்பியல் இயக்கமும் இவரை ஈர்த்தது.

இராணுவப் பணியை முடித்த பின் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டுக்குச் சென்று, வேட்டையாடி வாழ்ந்தார். அங்கு கருநீர்க் காய்ச்சலால் பாதிக்கப்பட்டு, உயிர் பிழைத்து நாடு திரும்பினார்.

லைக்கா கேமரா

நாடு திரும்பிய பின், அங்கேரியரான மார்ட்டின் முன்காச்சி எடுத்த ஒரு படம் இவர் கண்ணில் பட்டது. டாங்கனிகா ஏரியின் அலைகளை நோக்கி மூன்று ஆப்பிரிக்கச் சிறுவர்கள் ஓடும் காட்சி அது. ஒரு கணத்தை இவ்வாறு நிலைநிறுத்த முடியும் என்ற எண்ணமே இவரை ஒளிப்படத்தின் பக்கம் திருப்பியது. 1932 இல் மார்சேய் நகரில் 50 மி.மீ. வில்லை பொருத்திய லைக்கா கேமரா ஒன்றை வாங்கினார்.

கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு சிறிதாகவும், ஓசை குறைவாகவும் இருந்ததால் இக்கேமரா இவருக்கு ஏற்றதாக அமைந்தது. அதன் பளபளக்கும் உலோகப் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மூடி வைத்திருந்தார். அதே 1932 இல் பாரிசின் சேன்-லாசார் நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டும் ஒரு மனிதரை எடுத்த படம் இவரது படைப்புகளுள் மிகவும் அறியப்பட்டது. எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டக் கூடாது என்பது இவரது வழக்கம். அந்தப் படம் இதற்கு ஒரு விதிவிலக்காகும்.

1937 இல் சாவகத்தைச் சேர்ந்த நடனக் கலைஞர் ரத்னா மோகினியை மணந்தார். திரைப்பட இயக்குநர் ழான் ரெனுவாரிடம் உதவியாளராகவும் பணியாற்றினார்.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு இராணுவத்தின் திரைப்பட, ஒளிப்படப் பிரிவில் இருந்த இவர் 1940 சூன் மாதம் செருமானியப் படையிடம் சிக்கினார். ஏறத்தாழ 35 மாதங்கள் போர்க்கைதிகள் முகாம்களில் கழித்தார். இரு முறை தப்ப முயன்று தோற்று, மூன்றாம் முறை 1943 இல் தப்பினார். சிறைப்படுவதற்கு முன் வோசு பகுதியில் மண்ணில் புதைத்து வைத்திருந்த லைக்கா கேமராவைப் பின்னர் தோண்டி எடுத்துக்கொண்டார்.

போரில் இவர் இறந்திருக்கக் கூடும் என்று கருதி நியூயார்க்கின் நவீன ஓவிய அருங்காட்சியகம் ஒரு நினைவுக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கியது. 1947 இல் நடந்த அக்கண்காட்சியின் தயாரிப்பில் இவரே நேரில் கலந்துகொண்டார். அதே ஆண்டு ராபர்ட் காப்பா, டேவிட் சீமோர், ஜார்ஜ் ரோட்ஜர் முதலியோருடன் சேர்ந்து மேக்னம் நிறுவனத்தைத் தொடங்கினார். எடுத்த படங்களின் உரிமை, அவற்றை வெளியிடும் இதழிடம் அல்லாமல் எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பது இந்நிறுவனத்தின் அடிப்படைக் கொள்கை. உறுப்பினர்கள் உலகின் பகுதிகளைத் தமக்குள் பிரித்துக்கொண்டபோது இந்தியாவும் கிழக்காசியாவும் கார்ட்டியே-பிரெசோனின் பொறுப்பில் வந்தன.

காந்தியின் இறுதி நாள்

1948 சனவரி 30 அன்று பிற்பகலில் தில்லி பிர்லா மாளிகையில் காந்தியைச் சந்தித்த இவர், நியூயார்க் கண்காட்சியின் நூலை அவரிடம் காட்டினார். காந்தி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். சந்திப்பு முடிந்து இவர் வெளியேறிய சிறிது நேரத்தில், மாலை 5:17 மணியளவில் காந்தி சுடப்பட்டார். செய்தியறிந்து திரும்பி வந்த இவர், மாளிகையின் வாயிலில் நேரு மக்களுக்கு அம்மரணத்தை அறிவித்த காட்சியை, அங்கிருந்த விளக்கின் ஒளியிலேயே எடுத்தார். இருள் சூழ்ந்து, சற்றே கலங்கிய அப்படம் அந்த இரவின் அடையாளமாக இன்றும் நிலைத்துள்ளது.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் மார்கரெட் போர்க்-வைட்டும் அன்று தில்லியில் இருந்தார். இவர் 1946 இல் காந்தியை இராட்டையுடன் படமெடுத்தவர். அப்போது இவருக்கு மூன்று பிளாஷ் பல்புகளுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. முதல் இரண்டு முயற்சிகள் பலிக்கவில்லை. காந்தியின் உடல் வைக்கப்பட்டிருந்த அறைக்குள் 1948 இல் இவர் கேமராவை மறைத்து எடுத்துச் சென்று பிளாஷுடன் படமெடுத்தார். துயரத்தில் இருந்தோர் சினங்கொண்டனர். படச்சுருள் அகற்றப்பட்டு, அவர் வெளியேற்றப்பட்டார். கார்ட்டியே-பிரெசோனின் படங்களோ லைஃப் இதழில் வெளியாகி உலகெங்கும் சென்றன. பிளாஷின் ஒளி எடுப்பவரையும் வெளிப்படுத்திவிடுகிறது என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

திருவண்ணாமலை

சீனாவிலும் இந்தோனேசியாவிலும் ஆட்சி மாற்றங்களைப் படமெடுத்த பின் 1950 இல் இவர் மீண்டும் இந்தியா வந்தார். மதுரை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களில் படமெடுத்தார். ஏப்ரல் மாதம் மனைவியுடன் திருவண்ணாமலையில் தங்கியிருந்தபோது, நோயுற்றிருந்த ரமண மகரிசியின் இறுதி நாட்களைப் பதிவு செய்தார்.

ஏப்ரல் 14 அன்று இரவு 8:47 மணிக்கு ரமணர் மறைந்தார். அந்நேரத்தில் வெளியே இருந்த கார்ட்டியே-பிரெசோன், ஒளிமிக்க வால் கொண்ட எரிமீன் ஒன்று வானில் மெதுவாகச் சென்று அருணாசல மலையின் உச்சியருகே மறைந்ததைக் கண்டதாகப் பதிவு செய்துள்ளார். ஆசிரமத்தாரிடம் சென்று நேரத்தைக் கேட்டறிந்து ஒப்பிட்டதும் அப்பதிவில் உள்ளது. வேறு பலரும் அதனைக் கண்டதாகக் கூறியுள்ளனர்.

புதுச்சேரியில்

திருவண்ணாமலையில் இருந்து இவர் புதுச்சேரி சென்றார். அந்நகரம் 1954 நவம்பர் 1 அன்றுதான் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. எனவே 1950 இல் இவர் சென்றது தம் சொந்த நாட்டின் ஆட்சிப் பகுதிக்கே ஆகும். அங்கிருந்த அரவிந்தர் ஆசிரமத்தின் பொறுப்பை ஏற்றிருந்த அன்னை மிர்ரா அல்ஃபாசாவும் பாரிசில் பிறந்தவர்.

ஸ்ரீ அரவிந்தர் 1926 முதல் தம் அறைகளை விட்டு வெளிவராமல் தனிமையில் வாழ்ந்து வந்தார். ஆண்டுக்கு நான்கு தரிசன நாட்களில் மட்டுமே அடியார்கள் வரிசையாகச் சென்று அவரைக் காண இயலும். அந்நாட்களுள் ஒன்று ஏப்ரல் 24. அன்னை 1920 இல் புதுச்சேரிக்கு நிலையாகத் திரும்பி வந்த நாள் அது. ஆசிரமத்தில் இருந்த படங்கள் பல ஆண்டுகளுக்கு முந்தையவை. ஆகவே வெண்தாடியுடன் கூடிய அரவிந்தரின் முதுமைத் தோற்றத்தை வெளியுலகம் அறிந்திருக்கவில்லை.

அன்னையின் ஒப்புதல் பெற்று, ஏப்ரல் 24 தரிசனத்தில் அரவிந்தரும் அன்னையும் அருகருகே அமர்ந்திருந்த காட்சியை கார்ட்டியே-பிரெசோன் எடுத்தார். பின்னர் அரவிந்தரின் அறையிலும் சுமார் பத்து நிமிடங்கள் படமெடுக்க வாய்ப்புக் கிடைத்தது. அறை மிகவும் ஒழுங்காக இருந்ததையும், அந்நேரம் முழுவதும் அரவிந்தர் சிறிதும் அசையாமல் இருந்ததையும் இவர் தம் குறிப்புகளில் எழுதியுள்ளார். ஆசிரமத்தாரின் வேலைகள், உடற்பயிற்சி, அன்னையின் அன்றாட நிகழ்ச்சிகள் ஆகியவற்றையும் பதிவு செய்தார்.

அன்றைய படச்சுருள்களின் ஒளியுணர்திறன் குறைவு. விரைவுத்திறன் மிக்க கோடாக் டிரை-எக்ஸ் 35 மி.மீ. அளவில் 1954 இல்தான் வந்தது. ஆகவே பிளாஷ் இன்றி அறைக்குள் எடுப்பதற்கு வில்லையின் துளையை நன்கு திறந்து, மூடியை மெதுவாக இயக்க வேண்டியிருந்தது. அத்தகைய நிலையில் எடுப்பவரின் கை அசையாதிருப்பது போலவே அமர்ந்திருப்பவரின் அசைவின்மையும் தேவையாகும்.

அதே ஆண்டு திசம்பர் 5 அன்று அரவிந்தர் மறைந்தார். உயிருடன் இருந்த அவரைக் காட்டும் இறுதிப் படங்களாக இவையே அமைந்தன. இப்படங்களின் மூலப்படிவங்களை ஆசிரமம் விலை கொடுத்துப் பெற்றுக்கொண்டது. படைப்பாளரின் உரிமையை முதன்மையாகக் கருதிய மேக்னம் நிறுவனர் ஒருவரின் படங்கள், படமெடுக்கப்பட்டவரின் இல்லத்திற்கே உரிமையானது குறிப்பிடத்தக்கது.

பிளாஷ் பற்றிய நிலைப்பாடு

கார்ட்டியே-பிரெசோன் பணியாற்றிய காலத்திலேயே பிளாஷ் தொழில்நுட்பம் பெரிதும் வளர்ந்தது. தொடக்கத்தில், ஒரு முறை எரிந்ததும் பயனற்றுப் போகும் பல்புகள் பயன்பட்டன. 1930களில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹரால்ட் எட்கர்ட்டன் மின்னணுப் பிளாஷை மேம்படுத்தினார். மின்தேக்கியில் சேமித்த மின்சாரம் வளிமம் நிரம்பிய குழாயினுள் பாய்ந்து, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அல்லது அதற்கும் குறைந்த நேரம் ஒளிர்வதே இதன் செயல்முறை. 1959 இல் வெளிவந்த நிக்கான் எஃப் முதலிய எஸ்.எல்.ஆர் கேமராக்கள் பரவிய பின், தனியே பொருத்தும் மின்னணுப் பிளாஷ் செய்தியாளர்களின் வழக்கமான கருவியாயிற்று.

இதனைப் பயன்படுத்துவதில் சில வரம்புகள் உண்டு. எஸ்.எல்.ஆர் கேமராக்களில் பொதுவாக இரு திரைகள் கொண்ட மூடி உள்ளது. குறித்த வேகத்திற்கு மேல் சென்றால் படச்சட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. ஒரு குறுகிய பிளவே நகர்ந்து செல்கிறது. அப்போது பிளாஷ் ஒளிர்ந்தால் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும். இவ்வேக வரம்பு பழைய கேமராக்கள் பலவற்றில் 1/60 நொடி. பிற்காலத்தவற்றில் 1/200 அல்லது 1/250 நொடி. மேலும், தொலைவு இரு மடங்கானால் பொருளின் மீது விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. எனவே அருகில் உள்ள முகம் வெளுத்தும், பின்னணி இருண்டும் போவது இயல்பு. பிளாஷைக் கூரை அல்லது சுவரை நோக்கித் திருப்பி ஒளியைச் சிதறச் செய்தும், மூடியின் வேகத்தைக் குறைத்து அறையின் ஒளியையும் சேர்த்தும் இக்குறைகளைத் தணிக்கலாம்.

கார்ட்டியே-பிரெசோனின் மறுப்பு இக்குறைகளை மட்டும் சார்ந்ததன்று. இடத்தில் உள்ள ஒளி அவ்விடத்தின் உண்மையில் ஒரு பகுதி என்றும், அதற்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும் இவர் 1952 ஆம் ஆண்டு நூலில் விளக்கியுள்ளார். பிளாஷ் அந்த ஒளியை அழிப்பதோடு, எதிரில் இருப்பவரின் அமைதியையும் குலைக்கிறது என்பது இவரது கருத்து. சிதறடிக்கப்பட்ட பிளாஷ் ஒளி முதற் குறையை ஓரளவு போக்கும், இரண்டாவதைப் போக்குவதில்லை. அதே வேளையில் இவரது முறை இருளில் பல படங்களை இழக்க நேரிடுவது என்பதும் உண்மையே. நாள்தோறும் படம் தர வேண்டிய செய்தியாளர்கள் பலருக்கு அம்முறை இயலாததாக இருந்தது.

பிற்காலம்

ஸ்டாலினின் மறைவுக்குப் பின் 1954 இல் சோவியத் ஒன்றியத்தில் படமெடுக்க இவருக்கு அனுமதி கிடைத்தது. 1958 இல் மீண்டும் சீனா சென்றார். 1966 இலும் 1980களிலும் இந்தியா வந்தார். ரத்னா மோகினியுடனான மணவாழ்க்கை 1967 இல் முறிந்தது. 1970 இல் ஒளிப்படக் கலைஞர் மார்ட்டின் ஃபிராங்கை மணந்தார். இவர்களுக்கு மெலனி என்னும் மகள் பிறந்தார்.

1970களில் தொழில்முறை ஒளிப்படத்தில் இருந்து விலகி, இளமையில் கற்ற ஓவியத்திற்கே திரும்பினார். தம்மை யாரேனும் படமெடுப்பதை விரும்பாதவராக இருந்தார். பிறரது கவனத்திற்கு எட்டாமல் பணியாற்றுவதற்கு முகம் அறியப்படாதிருப்பது தேவை என்று கருதியதே இதற்குக் காரணம். 1982 இல் ஹாசல்பிளாட் விருது பெற்றார். 2003 இல் பாரிசில் இவரது பெயரில் அறக்கட்டளை ஒன்று தொடங்கப்பட்டது.

மறைவு

கார்ட்டியே-பிரெசோன் 2004 ஆகஸ்ட் 3 அன்று பிரான்சின் தென்கிழக்கே உள்ள புரோவான்சு பகுதியில் தமது 95 ஆம் வயதில் காலமானார். அங்குள்ள மோன்சுஸ்தேன் என்னும் சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டார்.

முக்கிய நூல்கள்

- இமாழ் ஆ லா சொவேத் (1952) - ஆங்கிலத்தில் 'தி டெசிசிவ் மொமென்ட்' என்ற பெயரில் வெளிவந்தது. அட்டை ஓவியம் ஆன்றி மத்தீசு வரைந்தது.
- பாலித்தீவின் நடனங்கள் பற்றிய நூல் (1954)
- ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் இன் இந்தியா (1987) - முன்னுரை திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் எழுதியது.