நிறம் மாறும் கண்ணாடி

பரீட்சையில் தவறியவர்களைப் பற்றிப் பேசினால் நம் விடுதியில் பலருக்குப் பிடிப்பதில்லை. சென்ற ஆண்டு ஒளியியலில் தவறிய எனக்கும் பிடிப்பதில்லைதான். ஆயினும் காப்ரியேல் லிப்மன் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாதவர் என்று அறிந்த நாள்முதல் அவர்மீது எனக்குத் தனிப் பற்று.

1845-இல் லக்ஸம்பர்க்கில் பிறந்து பாரிஸில் வளர்ந்தவர். ஹைடல்பர்க்கில் பாதரசத்தைக் கொண்டு மிக நுண்ணிய மின்னழுத்தத்தை அளக்கும் கருவி செய்தார். 1887-இல் மனித இதயத்தின் மின்சாரத்தைப் பதிந்தது அக்கருவியே.

1891-இல் அவர் காட்டிய வண்ணப் புகைப்படமே என்னை மயக்கியது. அதில் சாயம் என்பதே இல்லை! ஜெலட்டின் பூச்சுக்குப் பின்னால் பாதரசத்தைக் கண்ணாடியாக நிறுத்தினார். உட்சென்ற ஒளியும் மீண்ட ஒளியும் கலந்து, பாதி அலைநீள இடைவெளியில் வெள்ளி அடுக்குகளை உண்டாக்கின. அந்த இடைவெளிதான் நிறம். 1908-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் படத்துக்குப் பிரதி எடுக்க முடியாது. மூச்சு பட்டாலோ ஜெலட்டின் உப்பி, இடைவெளி விரிந்து, நிறம் சிவப்புப் பக்கம் நகரும்.

படக்காரருக்கு அது குறை. இன்றைய ஆராய்ச்சியாளர்களுக்கோ அதுவே கருவி! குளுக்கோஸைப் பற்றும் பொருள் கலந்த ஹோலோகிராம் படலம், குளுக்கோஸின் அளவுக்கேற்ப உப்பி நிறம் மாறுகிறது.

லிப்மன் 1921-இல் கனடாவிலிருந்து திரும்புகையில் கப்பலிலேயே காலமானார். எனக்கு வரும் செவ்வாயன்று மறுபடி ஒளியியல் தேர்வு.