மீட் ஐயர்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் குருப்பட்டத்திற்குப் பயிலும் இளைஞரைக் காணுந்தோறும் நமக்குச் சார்லஸ் மீட் ஐயர் நினைவே எழுகின்றது.

1792-இல் இங்கிலாந்திற் பிறந்த அன்னார், இலண்டன் மிஷன் சார்பில் தென் திருவிதாங்கூர் வந்து, நாகர்கோவிலில் செமினரி கண்டார். அரசி கௌரி பார்வதிபாய் ஈந்த 5000 ரூபாயால் வாங்கிய வயல்களின் வருவாய் கல்விக்கு உதவிற்று. 1828-இல் நெய்யூரில் குடியேறினார். அங்கிருந்து மேற்கே இவ்வூர்கள்வரை நம்மவரான உபதேசிமார் சென்று உழைத்தனர். குருப்பட்டமோ அவர்கட்குக் கிட்டவில்லை.

ஒடுக்கப்பட்ட குலத்துக் கிறிஸ்தவ நங்கையை மணந்தமையால், மீட் ஐயரும் உடன்பணியாளரின் வெறுப்புக்குள்ளாகி மிஷனை விட்டகன்றார். பின்னர் அரசாங்கக் கல்விப்பணி ஏற்றார்.

அம்மிஷனில் நம்மவர்க்குக் குருப்பட்டம் 1866-இலேயே வாய்த்தது. செமினரி தோன்றி ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்திருந்தது! வித்திட்டவர் அப்பணியில் இல்லை, ஆயினும் உயிரோடிருந்தார். 1873-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

இன்று பட்டம் பெறுவோர் அந்நெடுங் காத்திருப்பை மறவாதிருப்பாராக.