கே. எஸ். கிருஷ்ணன்

சர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 – ஜூன் 14, 1961) தமிழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். ஒளிச்சிதறல், படிகங்களின் காந்தப் பண்பு, உலோகங்களில் இலத்திரன்களின் நடத்தை ஆகியவற்றை ஆராய்ந்தவர்.

வாழ்க்கை

இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கற்றபின் கல்கத்தாவில் சி. வி. இராமனுடன் இணைந்தார். 1928 இல் இராமன் விளைவு கண்டறியப்பட்ட ஆய்வுகளில் பங்கேற்றார். 'நேச்சர்' இதழில் வெளியான முதல் அறிவிப்பு இருவர் பெயரிலும் அமைந்தது. 1930 ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. கிருஷ்ணன் 1940 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1947 இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

ஆய்வும் தொடர்ச்சியும்

கிராபைட்டிலுள்ள கட்டற்ற இலத்திரன்களின் காந்தப் பண்பை ஆராய்ந்தார். பிற்காலத்தில், சூடேறிய உலோகப் பரப்பிலிருந்து இலத்திரன்கள் வெளியேறுவதை ஆராய்ந்தார்.

அவர் மறைந்தபின், 1974 இல், சொரசொரப்பான வெள்ளி மின்வாயில் ஒட்டிய மூலக்கூறுகளின் இராமன் சிதறல் வலுவாகப் பதிவாயிற்று. நுண்ணிய உலோக முகடுகளில் இலத்திரன்கள் ஒளியுடன் ஒருங்கே அலைவதே இதன் முதன்மைக் காரணம். இரு உலோகத் துகள்களின் இடைவெளி ஒரு நானோமீட்டரிலும் குறையும்போது, பரப்பைக் கடந்து கசியும் இலத்திரன்கள் அவ்வலுவைக் குறைக்கின்றன. அங்கு மரபு மின்காந்தவியல் போதாமையால் குவாண்டம் கணிப்புகள் தேவைப்படுகின்றன.