சுவார்ட்ஸ் ஐயரின் வாக்கு

ஏசுநாதர் மலைப் பிரசங்கத்தில் சாந்தகுணம் உள்ளவர்களை வாழ்த்தினார். சாந்தம் என்றால் கோழைத்தனமா? தஞ்சையில் வாழ்ந்த சுவார்ட்ஸ் ஐயரைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

இந்த ஜெர்மானியப் பாதிரியார் 1750-ல் தரங்கம்பாடி வந்தார். 1779-ல் கம்பெனியாரின் தூதராக ஐதர் அலியிடம் போனார். ஐதர் வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். அதையும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்தார் ஐயர்.

1780-ல் போர் மூண்டது. தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தது. சுமந்துவர மாடு இல்லை. முன்பு கூலி கிடைக்காமல் ஏமாந்த குடியானவர்கள், அரசாங்கம் கேட்டும் அசையவில்லை. ஏமாந்தவன் மறுபடி நம்புவானா?

கூலிக்குத் தாமே பொறுப்பு என்று ஐயர் கடிதம் எழுதினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன! 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. பேசிய கூலியும் கொடுக்கப்பட்டது.

ஐயர் 1798-ல் காலமானார். அவர் ஆதரவில் வளர்ந்த சரபோஜி மன்னர், இந்துவாகவே இருந்தும், தஞ்சைத் தேவாலயத்தில் அவருக்குச் சலவைக்கல் நினைவுச் சின்னம் வைத்தார்.