ஏ, பி, ஓ தந்த மனிதர்

ரத்ததான முகாமில் வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் அவங்கவங்க குரூப் தெரியும். அந்த எழுத்துக்களைத் தந்த மனிதரைத்தான் பலருக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை, இன்ஜினீயர். ஆனாலும் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வேலை செய்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1868 ஜூன் 14-ல் பிறந்தார். ஆறு வயசிலேயே பத்திரிகையாளரான அப்பா காலமாகிவிட்டார், அம்மாதான் வளர்த்தார். 1891-ல் டாக்டர் பட்டம் வாங்கியதும் கெமிஸ்ட்ரி படிக்கக் கிளம்பிவிட்டார்!

அந்தக் காலத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்தார்கள். காரணம் புரியவில்லை. இருவர் ரத்தம் சேர்ந்தால் சில சமயம் பால் திரிவது போலக் கட்டி கட்டியாகும். அது நோயின் அடையாளம் என்று பலர் நினைத்தார்கள். இவர் தன் ரத்தத்தையும், ஆரோக்கியமாக இருந்த லேப் சகாக்களின் ரத்தத்தையும் எடுத்தார். சீரம் தனி, சிவப்பணு தனி. ஒவ்வொருவர் சீரத்தோடும் மற்றவர் அணுக்களைக் கலந்து அட்டவணை போட்டார். அவ்வளவுதான் சோதனை. 1901-ல் மூன்று பிரிவுகள் வெளிவந்தன: ஏ, பி, சி. அந்த சி-தான் பிற்பாடு ஓ ஆச்சு. ஏபி-யை மறுவருஷம் அவருடைய சகாக்கள் கண்டார்கள்.

ஏ குரூப்காரர் சீரத்தில் பி-க்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். அவருக்கு பி ரத்தம் ஏற்றினால் அந்த அணுக்கள் உடைந்து, கிட்னி பழுதாகி, உயிரே போகலாம்.

முதல் உலகப்போருக்குப் பின் வியன்னாவில் பிழைப்பே கஷ்டமாயிற்று. 1919-ல் ஹாலந்து போய் ஒரு சின்ன ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தார். பிறகு நியூயார்க் ராக்ஃபெல்லர் இன்ஸ்டிட்யூட். நோபல் பரிசு வந்தது 1930-ல்தான். 1940-ல் வீனருடன் சேர்ந்து ஆர்ஹெச் பற்றி எழுதியபோது வயசு எழுபதைத் தாண்டியிருந்தது. 1943 ஜூனில் லேபிலேயே மாரடைப்பு. இரண்டு நாளில் போய்விட்டார்.

குரூப் ஒன்றாக இருந்தாலும் ரத்த வங்கியில் நோயாளியின் சீரத்தையும் கொடுப்பவரின் அணுக்களையும் கலந்து க்ராஸ்மேட்ச் பார்ப்பார்கள். அவசரத்தில் சொந்தக்காரர்கள் இதற்குச் சண்டை போடுவதுண்டு. ஆனால் 1952-ல் டாக்டர் பெண்டேயும் சகாக்களும் பம்பாயில் ஒரு புது ரகம் கண்டார்கள். சாதாரண சோதனையில் அது ஓ மாதிரியே தெரியும். ஆனால் ஓ ரத்தமே அவர்களுக்கு ஆகாது. க்ராஸ்மேட்சில் அது திரிந்து காட்டிவிடும்.